மெல்லிய காற்றுக்கு நீளப் பலகை

மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் கடற்காற்று. இடுப்பைத் தொடாத அலைகள். இப்படிப்பட்ட மாலையில், பாய் பொருத்திய பலகையில் நின்று ஓட்டும் விண்ட்சர்ஃபிங்கில் ஈடுபடுகிறவர்களில் பலர் பாயை உறையிலிருந்து எடுப்பதே இல்லை. காற்று போதாது என்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தென் கலிபோர்னியக் கடற்கரையில் கோடை மாலைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆனால் விண்ட்சர்ஃபிங் வளர்ந்ததே அந்தக் கரையில், அந்த மெல்லிய காற்றில்தான். ஆகவே குறை காற்றில் இருக்க வழியில்லை. கையில் இருக்கும் பலகையின் நீளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பலகை மேல் பாய் கட்டும் ஆசை பழையது. ஹவாயின் வைக்கீக்கியில் டாம் பிளேக் 1930களிலேயே அலைச்சறுக்குப் பலகையில் பாய் பொருத்திப் பார்த்தார். இங்கிலாந்தின் ஹேலிங் தீவில் பீட்டர் சில்வர்ஸ் சிறுவனாக இருந்தபோது, 1958இல், தானே செய்த பலகையில் பாயைக் கையில் பிடித்தபடி நின்று ஓட்டினார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நியூமன் டார்பி பட்டம் வடிவப் பாய் ஒன்றைச் செய்து, அதைப் பற்றி 1965 ஆகஸ்டு ‘பாப்புலர் சயின்ஸ்’ இதழில் எழுதினார். இன்று நாம் காணும் வடிவத்தைத் தந்தவர்கள் கலிபோர்னியாவின் ஜிம் டிரேக்கும் ஹாய்ல் ஸ்வைட்சரும். டிரேக் விமானப் பொறியாளர். பாய்மரத்தின் அடியில் எல்லாத் திசையிலும் மடங்கும் மூட்டு, பாயின் இரு பக்கமும் வளைந்து செல்லும் பூம் என்ற கைப்பிடித் தண்டு, சுக்கானே இல்லாத பலகை ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து 1967 மே மாதம் மரினா டெல் ரேயில் ஓட்டிப் பார்த்தார். 1970இல் காப்புரிமை கிடைத்தது. அவர்களுடைய பலகையின் நீளம் ஏறத்தாழ 3.65 மீட்டர். அந்த நீளத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

முதலில் காற்றின் கணக்கு. பாயின் மீது காற்று செலுத்தும் விசை, காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 6 சதுர மீட்டர் பாய் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 8 நாட் காற்றில், அதாவது நொடிக்கு 4 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில், அந்தப் பாயில் கிடைக்கும் மொத்த விசை ஏறத்தாழ 7 கிலோ எடைக்குச் சமம். காற்று 16 நாட் ஆனால் விசை நான்கு மடங்காகி 28 கிலோவைத் தொடும். அந்த 7 கிலோவும் முழுதாகப் பலகையை முன்னே தள்ளாது. ஒரு பகுதி பக்கவாட்டில் தள்ளும். காற்றுக்குக் குறுக்காக ஓடும்போது முன்னோக்கி 5 கிலோ கிடைத்தால் அது நல்ல ஓட்டம்.

ஓட்டுகிறவர் 75 கிலோ, பலகை 15, பாயும் மரமும் 10 என்று வைத்தால் மொத்தம் 100 கிலோ. இந்த எடை நீரைப் பிளந்துகொண்டு செல்வதை விட்டு, நீரின் மேல் ஏறிச் சறுக்கத் தொடங்குவதையே பிளேனிங் என்கிறார்கள். அந்த நிலைக்கு ஏறப் பொதுவாக மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது முன்தள்ளும் விசை வேண்டும். இங்கே அது 10 கிலோ. கையில் இருப்பதோ 5. ஆகவே 8 நாட் காற்றில் தட்டையான நீரில் இந்தப் பலகை சறுக்காது, மிதந்துதான் போகும். மிதந்து போகும்போது எது நன்றாகப் போகும் என்பதே கேள்வி.

அலைகளுக்கென்று செய்யப்படும் குட்டையான பலகைகளின் கொள்ளளவு 80 லிட்டர் சுமாருக்கு இருக்கும். கடல்நீரில் அது 82 கிலோவைத்தான் தாங்கும். 100 கிலோவை ஏற்றினால் நின்ற இடத்தில் அமிழும். வேகம் இருந்தால் மட்டுமே அதன் மேல் நிற்கலாம், காற்று இருந்தால் மட்டுமே வேகம் வரும். நீளப் பலகைகள் 200 லிட்டரைத் தாண்டுபவை. பாய் நீரில் கிடந்தாலும் ஆள் நிமிர்ந்து நிற்கலாம், கயிற்றைப் பிடித்துப் பாயைத் தூக்கலாம், காற்று ஓய்ந்தால் காத்திருக்கலாம். மெல்லிய காற்றில் நீரிலிருந்தபடியே பாய் நம்மைத் தூக்கிவிடாது. ஒவ்வொரு முறை விழுந்த பிறகும் பலகை மேல் ஏறி நின்று பாயை இழுத்தெடுப்பதுதான் வழி. அதற்குத் தாங்கும் பலகை வேண்டும்.

மிதப்பு போதும் என்றால் அகலமான, குட்டையான, தடித்த பலகையே போதுமே என்று கேட்கலாம். அங்கேதான் நீளம் வருகிறது.

நீரைத் தள்ளிக்கொண்டு போகும் எந்த மரக்கலமும் தன் முன்னால் ஓர் அலையை எழுப்பும். வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். ஒரு கட்டத்தில் அலைநீளம் கலத்தின் நீளத்துக்குச் சமமாகிறது. மூக்கு ஒரு முகட்டிலும் வால் அடுத்த முகட்டிலும் இருக்கும். அதற்கு மேல் வேகமெடுத்தால் வால் பள்ளத்துக்குள் இறங்க, கலம் தான் எழுப்பிய அலை மீதே மேடேற வேண்டிவரும். எதிர்ப்பு சட்டென்று எகிறும். இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட் 1870களில் நீர்த்தொட்டியில் மாதிரிக் கப்பல்களை இழுத்து அளந்து, கப்பல் கட்டுமானத்துக்கே அடித்தளமாக்கிய அறிவு இது. கணக்கு எளிது. கலத்தின் நீளத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.25ஆல் பெருக்கினால் அந்த எல்லை வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வந்துவிடும். 2.4 மீட்டர் பலகைக்கு அது மணிக்கு 7 கிலோமீட்டர். 3.6 மீட்டர் பலகைக்கு 8.5 கிலோமீட்டர்.

ஒன்றரை கிலோமீட்டர்தானே வேறுபாடு என்று தோன்றலாம். ஆனால் எல்லையைவிட எல்லைக்கு முன்னால் நடப்பதுதான் முக்கியம். மணிக்கு 6 கிலோமீட்டரில் குட்டைப் பலகை தன் எல்லையை நெருங்கி, மூக்கை உயர்த்தி, நீரை உழுதுகொண்டிருக்கும். அதே வேகத்தில் நீளப் பலகை அமைதியாக வழுக்கிக்கொண்டு போகும். 5 கிலோ விசை அதற்குப் போதும். ஒல்லியாகவும் இருந்துவிட்டால், அதே எடை நீண்ட நீர்க்கோட்டில் பரவி, எழும் அலையும் சிறுத்துவிடும். எல்லை வேகத்தைத் தொடும்போது வரும் அந்த மேடும் அவ்வளவு செங்குத்தாக இருக்காது. மெல்லிய காற்றில் நீளம்தான் வேகம்.

பக்கவாட்டுத் தள்ளலை என்ன செய்வது? பலகையின் நடுவில் ஒரு பிளவு வழியாகக் கீழே இறக்கும் டாகர்போர்டு இதற்காகத்தான். நீர் காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. ஆகவே ஆறு சதுர மீட்டர் பாயின் பக்கவிசையை ஒரு சிறிய பலகைத் துண்டு எதிர்த்து நிறுத்திவிடும். ஈரமான மாங்கொட்டையை இரு விரல்களுக்கிடையே அழுத்தினால் அது முன்னால் பிதுங்கிப் பாய்வதுபோல, பாயும் டாகர்போர்டும் இரு பக்கமும் அழுத்த, பலகை முன்னே நகர்கிறது. வாலின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய ஃபின்னும் இதே வேலையைச் செய்யக்கூடியதுதான். ஆனால் அதன் விசையும் நீரோட்ட வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மெதுவாகப் போகும்போது ஃபின்னால் எதிர்த்து நிற்க முடியாது. பலகை நண்டு நடையில் காற்றோடு ஒதுங்கிவிடும். நம் கிழக்குக் கரையில் பாய் விரித்து ஓடிய கட்டுமரங்களிலும் இந்தச் சிக்கல் இருந்தது. கட்டைகளின் அடிப்பகுதி தட்டை. காற்றில் வழுக்கிக்கொண்டே போகும். பக்கத்தில் ஒரு பலகையைச் செங்குத்தாக நீருக்குள் நிறுத்தி அதைச் சமாளித்தார்கள். டிரேக் தீர்க்க வேண்டியிருந்ததும் மீனவர்கள் தீர்த்துவைத்ததும் ஒரே கணக்கு என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சுக்கான் இல்லாமல் திருப்புவது எப்படி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாயின் விசை ஒரு புள்ளியில் குவிகிறது. நீரின் எதிர்ப்பு இன்னொரு புள்ளியில், டாகர்போர்டுக்கு அருகே, குவிகிறது. பாயைப் பின்பக்கம் சாய்த்தால் காற்று வாலைத் தள்ள, மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். முன்பக்கம் சாய்த்தால் மூக்கு காற்றை விட்டு விலகும். அவ்வளவுதான்.

இனி அலைகள். என் பார்வையில் நீளப் பலகையின் உண்மையான அழகு இங்கேதான் இருக்கிறது.

தொலைவில் எங்கோ வீசிய புயலில் பிறந்து, 10 நொடிக்கு ஒரு முகடாக வரும் அலை, ஆழ்கடலில் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதை எந்தப் பலகையாலும் மெல்லிய காற்றில் பிடிக்க முடியாது. ஆனால் கரை நெருங்கி ஆழம் குறைந்ததும் அலையின் வேகத்தை ஆழம் மட்டுமே தீர்மானிக்கிறது. 2 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 16 கிலோமீட்டர். 1 மீட்டர் ஆழத்தில் 11 கிலோமீட்டர். அலையின் உயரம் ஆழத்தில் முக்கால் பங்கைச் சற்றுத் தாண்டும்போது அது உடைகிறது. அரை மீட்டர் அலை 65 சென்டிமீட்டர் ஆழத்தில் உடையும். அங்கே அதன் வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர் அளவுதான்.

இந்த எண்களைப் பலகையின் எண்களுக்குப் பக்கத்தில் வையுங்கள். நீளப் பலகை மெல்லிய காற்றில் 7, 8 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் வரும் அலையோடு சேர அதற்கு இன்னும் 3 அல்லது 4 கிலோமீட்டர் வேண்டும். அமிழ்ந்தபடி 4, 5 கிலோமீட்டரில் உழலும் குட்டைப் பலகைக்கு 6, 7 வேண்டும். முகடு பலகையைக் கடந்து செல்லச் சில நொடிகளே ஆகும். அதற்குள் அந்த இடைவெளியைத் தாண்டியாக வேண்டும். பெரிய அலை வேகமாக ஓடுகிறது, செங்குத்தாகவும் நிற்கிறது. அதற்குக் குட்டைப் பலகை பொருந்தும். சிறிய அலை மெதுவாக ஓடுகிறது, சரிவும் குறைவு. நீளப் பலகையின் இயல்பான வேகமும் சிறிய அலையின் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாக அமைந்திருக்கின்றன.

சரிவு தரும் விசையையும் கணக்கிடலாம். அலை உடைவதற்கு வெகு முன்னால், அதன் முன்முகம் இருபதுக்கு ஒன்று என்ற அளவில்தான் சரிந்திருக்கும். கரையிலிருந்து பார்த்தால் அலை என்றே தெரியாது. ஆனால் 100 கிலோ எடை அந்தச் சரிவில் நிற்கும்போது புவியீர்ப்பு அதை 5 கிலோ விசையோடு முன்னே இழுக்கிறது. பாய் தரும் 5 கிலோவோடு இந்த 5 கிலோவைக் கூட்டினால் 10. பிளேனிங்குக்கு நமக்குக் குறைந்திருந்த விசை வந்துவிட்டது! பாய் மட்டும் போதாது, அந்தச் சரிவு மட்டும் போதாது. இரண்டும் சேர்ந்தால் போதும். அந்த நொடியில் பாயை இரண்டு மூன்று முறை தன்பக்கம் வலித்து விசிறினால், பலகை அலைக்குள் இறங்கிவிடும். உடையும் அலைக்காகக் கரையருகே காத்திருக்கும் அலைச்சறுக்கு வீரர்களைவிட வெகு தூரத்திலேயே நீளப் பலகைக்காரர் அலையைப் பிடித்துவிடுவது இதனால்தான். சவாரியும் அத்தனைக்கு நீளும்.

அலையில் ஏறியதும் பாயின் நிலை மாறுகிறது. பாய் உணர்வது கடலில் வீசும் காற்றை அல்ல. ஓட்டத்தோடு சேர்ந்து மாறிய காற்றை. காற்று பின்னாலிருந்து நொடிக்கு 4 மீட்டர், அலையோடு நாம் கரை நோக்கிப் போவது நொடிக்கு 3 மீட்டர் என்றால், பாய்க்குக் கிடைப்பது 1 மீட்டர் காற்று. விசை பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். 7 கிலோ இழுத்த பாய் அரைக் கிலோகூட இழுக்காது. கைகளில் பாய் திடீரென்று எடையற்றுப் போகும். முதன்முறை ஓட்டுகிறவர்கள் இந்த நேரத்தில்தான் பின்பக்கம் விழுகிறார்கள். அதுவரை பாயின் இழுப்பில் உடலைச் சாய்த்து நின்றவர்களுக்குச் சாய மறுபக்க விசை இல்லாமல் போகிறது. நிமிர்ந்து, முழங்காலை மடக்கி, எடையைப் பலகை மேல் வைத்தால் போதும். அதற்குப் பிறகு அது முழுக்க அலைச்சறுக்குத்தான்.

காற்று கரைக்கு இணையாக வீசினால் கதையே வேறு. 4 மீட்டர் காற்று பக்கத்திலிருந்தும் 3 மீட்டர் ஓட்டக்காற்று முன்னாலிருந்தும் சேர்ந்து பாய்க்கு 5 மீட்டர் காற்றாகக் கிடைக்கும். விசை ஒன்றரை மடங்காகும். அலையில் ஏறிய பிறகும் பாய் உயிரோடு இருக்கும். பக்கக்காற்று நாளுக்காக அலைகளில் பாய் ஓட்டுகிறவர்கள் காத்துக்கிடப்பதன் காரணம் இதுதான்.

சில வேலைகளை வரிசை தவறாமல் செய்ய வேண்டும். அலையைப் பிடிக்குமுன் டாகர்போர்டை மேலே இழுத்துவிட வேண்டும். வேகம் கூடியதும் அது உண்டாக்கும் விசையும் பலமடங்காகிப் பலகையின் ஒரு விளிம்பைத் தூக்கிக் கவிழ்த்துவிடும். பாய்மர அடியை முன்னும் பின்னும் நகர்த்த வசதி இருந்தால், காற்றை எதிர்த்து ஏறும்போது முன்னாலும் அலைக்குள் வரும்போது பின்னாலும் வைக்க வேண்டும். பிடிக்கும்வரை எடை நடுவில் இருக்கட்டும். நீளம் முழுவதும் நீரில் படிந்தால்தான் வழுக்கல் கிடைக்கும். பிடித்தவுடன் ஓர் எட்டுப் பின்னே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு நீருக்குள் குத்தும். இன்னும் இரண்டு எட்டுப் பின்னால் போனால் வால் அமிழ்ந்து மூக்கு எழும்பும். நீரில் படும் நீளம் குறைய, திருப்ப மறுக்கும் அந்த நீண்ட பலகையும் வாலை அச்சாகக் கொண்டு சுழலும். காலை நகர்த்துவதன் மூலம் ஒரே பலகையை நீளமாக்கவும் குட்டையாக்கவும் முடிகிறது. இதைத்தான் நீளப் பலகையின் தனிக்கலை என்பேன்.

பாய் விஷயத்தில் பேராசை வேண்டாம். காற்று குறைவு என்று 8, 9 சதுர மீட்டர் பாயை மாட்டினால் அதன் எடையே அலைகளில் எதிரியாகிவிடும். சறுக்கும் நேரத்தில் பாய் வெறும் சுமை என்பதைப் பார்த்தோம். ஐந்தரை, ஆறு சதுர மீட்டரில், நல்ல வயிறு உள்ள இலேசான பாயே போதும்.

இவ்வளவு பொருத்தமான பலகை ஏன் பின்தள்ளப்பட்டது? ஹவாயின் காற்றுதான் காரணம். 1976இல் பஹாமாசில் நடந்த உலகப் போட்டியில் 13 வயதில் வென்ற ராபி நெய்ஷ் வளர்ந்த கைலுவா விரிகுடாவில் நல்ல வர்த்தகக் காற்று வீசும். அங்கே லாரி ஸ்டான்லி, மைக் ஹோர்கன் ஆகியோர் 1977இல் பலகையில் கால்பட்டைகளைப் பொருத்தினார்கள். அலைகளில் எகிறிக் குதிக்க முடிந்தது. பிறகு பலகைகள் குட்டையாகிக்கொண்டே போயின. படங்களும் இதழ்களும் அந்தக் காட்சிகளால் நிறைந்தன. ஹவாய்க் காற்றுக்குச் செய்த பலகையை, ஹவாய்க் காற்று இல்லாத கரைகளிலும் மக்கள் வாங்கினார்கள். பிறகு காற்றுக்காகக் காத்திருந்தார்கள். இந்த விளையாட்டுக்கு நேர்ந்த பெரிய இழப்பு அது என்பது என் உறுதியான கருத்து.

ஒலிம்பிக்கில் நீளம் சில காலம் தாக்குப்பிடித்தது. 1996 முதல் 2004 வரை பயன்பட்ட மிஸ்ட்ரல் பலகை 3.7 மீட்டர் நீளம். ஹாங்காங்குக்கு முதல் ஒலிம்பிக் தங்கத்தை லீ லாய் ஷான் வென்று தந்தது அதில்தான். 2008இல் வந்த ஆர்.எஸ்.எக்ஸ் பலகை 2.86 மீட்டராகக் குறுகி, 93 சென்டிமீட்டராக அகன்றது. 2024 பாரிஸ் போட்டியில், தண்டின் முனையில் உள்ள இறக்கை தூக்கிவிட நீருக்கு மேலே பறக்கும் ஃபாயில் பலகை வந்துவிட்டது. ஃபாயில் மெல்லிய காற்றிலும் பறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதன் தண்டு நீருக்கடியில் ஒரு மீட்டர் அளவு நீள்கிறது. அரை மீட்டர் அலை உடையும் இடத்தில் ஆழமே 65 சென்டிமீட்டர் என்றால், அங்கே அதற்கு வேலை இல்லை.

நின்றபடி துடுப்பு வலிக்கும் பலகைகள் 2000களுக்குப் பிறகு பரவியபோது, நீளமான, மிதப்பு மிகுந்த, அலைக்கேற்ற வளைவு கொண்ட பலகைகள் மறுபடி கடைகளுக்கு வந்தன. அவற்றில் பலவற்றில் பாய்மரம் பொருத்தும் திருகுத் துளையும் இருக்கிறது. கலிபோர்னியப் பலகையின் வடிவத்தையே இலகுவாக்கி மறுபடி செய்த விண்ட்சர்ஃபர் எல்.டி.யும் கிடைக்கிறது. பழைய நீளப் பலகைகளைப் பலர் குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இவற்றில் பலவற்றை ஓட்டிப் பார்க்க வாய்ப்பிருந்தால், நடுவில் டாகர்போர்டு உள்ளதையே தேர்ந்தெடுங்கள். அது இல்லாத பலகை அலைக்குள் நன்றாக வரும். அடுத்த அலைக்குத் திரும்பிப் போகும்போதுதான் அதன் குறை தெரியும்.

சிறிய அலை என்று அலட்சியம் வேண்டாம். 15 கிலோ பலகை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும்போது குறுக்கே நீந்துகிறவருக்கு அது ஆபத்து. குளிக்கிறவர்களும் அலைச்சறுக்கு வீரர்களும் இல்லாத இடமாகப் பாருங்கள். விழுந்தால் பலகைக்கும் கரைக்கும் நடுவே நிற்காதீர்கள். அடுத்த அலை பலகையை உங்கள் மேல் எறியும். கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும் நாளில் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் இறங்காதீர்கள், அது ஓய்ந்தாலும் வலுத்தாலும் திரும்புவது கடினம். மிதவை அங்கி அணியுங்கள். கடற்காற்று பொழுது சாயும்போது தணிந்துவிடும். வெயில் இருக்கும்போதே கடைசி அலையைப் பிடித்துக் கரை ஏறிவிடுங்கள்.